தியென் மூ பகோடாவும் சிவப்புச் சட்டை மூதாட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாமின் ஹுவே நகருக்குப் பக்கத்தில், ஹுவோங் ஆற்றங்கரைக் குன்றின் மேல் இருக்கிறது தியென் மூ பகோடா. போய்விட்டு வந்ததிலிருந்து நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதிலும் அந்தக் கிழவி கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது எங்கே இருக்கிறது?

வியட்நாமின் நடுப்பகுதியில். ஹுவே என்பது நுயென் அரசர்களின் பழைய தலைநகரம், 1802 முதல் 1945 வரை. அந்த நகரின் மையத்திலிருந்து ஆற்றோரமாகவே மேற்கே போனால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஆற்றின் வட கரையில் ஹா கே என்றொரு சின்னக் குன்று, அதன் தலையில் கோயில். படகிலும் போகலாம், சைக்கிளிலும் போகலாம். முதல் தடவை போகிறவர்கள் படகில் போங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தியென் மூ என்றால் என்ன அர்த்தம்?

தியென் என்றால் வானம். மூ என்றால் வயதான பெண்மணி. வானத்து மூதாட்டி என்று சொல்லலாம். ஒரு புத்தர் கோயிலுக்குப் புத்தர் பெயரும் இல்லை, துறவி பெயரும் இல்லை, ஒரு கிழவியின் பெயர் இருக்கிறது. எனக்கு இந்த இடத்தின் மேல் ஆசை வந்ததே இதனால்தான்.

சரி, அந்தக் கிழவி கதை என்ன?

1601ஆம் ஆண்டு. நுயென் ஹுவாங் என்ற பிரபு, அன்று துவான் ஹுவா என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியை ஆண்டுகொண்டிருந்தார். நாட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர் இந்தக் குன்றைக் கண்டதும் நின்றுவிட்டார். சுற்றிலும் சமவெளி, நடுவில் இது மட்டும் மேடேறி, ஒரு டிராகன் போகிற போக்கில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது போல இருந்ததாம். ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர்கள், இது சக்தி உள்ள குன்று ஐயா, முன்னொரு நாள் இரவு சிவப்புச் சட்டையும் பச்சைக் கால்சட்டையும் போட்ட ஒரு மூதாட்டி உச்சியில் உட்கார்ந்திருந்தாள், உண்மையான தலைவன் ஒருவன் இங்கே வருவான், கோயில் கட்டுவான், நிலத்தின் சக்தியை ஒன்றுசேர்த்து டிராகன் நாடியை உறுதிப்படுத்துவான் என்று சொல்லிவிட்டு மறைந்துபோனாள் என்றார்கள். அந்தத் தலைவன் நான்தான் என்று நுயென் ஹுவாங்குக்குப் பட்டது. கோயிலைக் கட்டி, அவள் பெயரையே வைத்துவிட்டார்.

அரச வரலாற்றில் பதிவான வடிவம் ஏறக்குறைய இதுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை, அல்லது இதற்கும் முந்தியவை.

டிராகன் நாடி என்றால்?

சீன வாஸ்துவில் வருகிற நம்பிக்கை. மலைகளும் மேடுகளும் வெறும் மண் இல்லை, பூமிக்குள் ஒரு டிராகனின் உடம்பு ஓடுகிறது, நம் உடம்பில் நாடி ஓடுவது மாதிரி அதில் சக்தி ஓடுகிறது. நாடி நன்றாக ஓடுகிற இடத்தில் அரசன் பிறப்பான். அதை வெட்டிவிட்டால் அந்த மண்ணில் அரசன் எழும்ப மாட்டான்.

குன்றை ஒரு சீனத் தளபதி வெட்டினான் என்று ஒரு கதை உண்டாமே?

உண்டு. காவோ பியென் என்பவர், சீனத்துத் தாங் அரசின் தளபதி, 860களில் வட வியட்நாமுக்கு ஆளுநராக இருந்தார். இவர் உண்மையில் வாழ்ந்த மனிதர். ஆனால் வியட்நாம் நாட்டுக் கதைகளில் இவர் ஒரு மந்திரவாதி, ஊர் ஊராகப் போய் டிராகன் நாடிகளைக் கண்டுபிடித்து வெட்டுகிறவர். ஹா கே குன்றில் சக்தி இருப்பதைக் கண்டு, அதன் பின்புறம் ஒரு பள்ளம் தோண்டி நாடியை அறுத்துவிட்டார் என்கிறது கதை. அன்று இரவு நரைத்த தலையோடு ஒரு கிழவி குன்றின் அடியில் உட்கார்ந்து அழுதாள். பின்னாளில் வரும் அரசன் இந்த நாட்டைக் காக்க நினைத்தால் இங்கே கோயில் கட்டி, போன சக்தியைத் திரும்ப அழைக்கட்டும் என்று சொல்லி மறைந்தாள்.

தாங் அரசின் எல்லை ஹுவேக்கு வடக்கே இருக்கும் ஹுவான் சோன் மலைத்தொடரோடு முடிந்துபோனது. ஹுவே அப்போது, வியட்நாமியருக்கு முன் இங்கே வாழ்ந்த சாம் மக்களின் நாடு. காவோ பியென் இந்தக் குன்றில் மண்வெட்டி வைத்திருக்க வழியே இல்லை. ஆனால் இந்த வடிவத்தை ஒதுக்கிவிடாதீர்கள் என்பேன். முதல் கதையில் அவள் ஒரு தலைவனுக்காக வந்து ஆரூடம் சொல்கிறாள். இதில் அவள் மண்ணுக்காக அழுகிறாள். அவளுடைய மண் வெட்டுப்பட்டிருக்கிறது, அவளுக்கு அது வலிக்கிறது. எனக்கு இரண்டாவது கிழவிதான் பழையவள் என்று தோன்றுகிறது.

ஊதுபத்தி கதை என்று ஒன்று சொல்கிறார்களே?

அது ஊர்ப்பக்கத்தில் சொல்வது. மூதாட்டி நுயென் ஹுவாங்குக்கு நேரிலேயே தோன்றி, எரிகிற ஊதுபத்தி ஒன்றைக் கையில் கொடுத்து, இங்கிருந்து ஆற்றோரமாகக் குதிரையில் போ, பத்தி எரிந்து முடிகிற இடத்தில் உன் தலைநகரைக் கட்டு என்றாளாம். அழகான கதை. ஆனால் வருடங்கள் ஒத்துவரவில்லை. நுயென் ஹுவாங்கின் அரண்மனை கடைசிவரை வடக்கே குவாங் ட்ரி பக்கம்தான் இருந்தது, அவர் 1613இல் இறந்தார். அவருடைய வம்சத்தார் 1636இல்தான் கோயிலுக்குப் பக்கத்துக் கிம் லாங் கிராமத்துக்குத் தலைநகரை மாற்றினார்கள், 1687இல் அங்கிருந்து இன்னும் கீழே ஃபூ சுவானுக்கு. ஆக, ஊர் வந்து நிலைத்த பிறகு, இது ஏன் இங்கே வந்தது என்று யோசித்த மக்கள் சொன்ன பதில் இது. ஒரு ஊதுபத்தி எரிகிற நேரத்தில் குதிரை போகிற தூரம்தான் கோயிலுக்கும் அரண்மனைக்கும் இடையில் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் காலத்து மனிதர்கள் தூரத்தை எப்படி மனதில் வைத்துக்கொண்டார்கள் என்று புரியும்.

அப்படியானால் எல்லாமே நுயென் ஹுவாங் கிளப்பிவிட்ட கதைதானா?

பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள், நினைக்கக் காரணமும் இருக்கிறது. அவர் நிலைமையைப் பாருங்கள். அவருடைய அப்பா நுயென் கிம் 1545இல் நஞ்சு வைத்துக் கொல்லப்பட்டார், அதிகாரம் அக்கா புருஷன் ட்ரின் கியெம் கைக்குப் போனது. அண்ணனும் இறந்தார், அதுவும் ட்ரின் கியெம் வேலை என்றுதான் பேச்சு. அடுத்தது தான்தான் என்று தெரிந்து, அக்கா மூலம் கேட்டு, 1558இல் தூரத் தெற்கே இந்தக் காட்டு எல்லைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தார். 1593இல் வடக்கே போக வேண்டியிருந்தது, எட்டு வருடம் அங்கேயே கிட்டத்தட்ட பிணை மாதிரி இருந்தார். 1600இல் ஒரு கலகத்தை அடக்கப் போகிறேன் என்று படையோடு கிளம்பி, நேராகத் தெற்கே வந்துவிட்டார், பிறகு திரும்பவே இல்லை.

அதற்கு அடுத்த வருடம் கோயில். உண்மையான தலைவன் வருவான் என்ற வாக்கு. வடக்கே இருந்த ட்ரின் குடும்பத்துக்கு இது என்னவாகக் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்கிற அரச வரலாற்று நூல், நுயென் பிரபுக்களின் காலத்தைப் பற்றியது, முடிக்கப்பட்டது 1844இல், அவருடைய வழிவந்தவர்கள் பேரரசர்களாகிவிட்ட பிறகு. எங்கள் முன்னோரை இந்த மண்ணே அழைத்தது என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு எல்லாத் தேவையும் இருந்தது.

இவ்வளவையும் ஒத்துக்கொண்டுதான் சொல்கிறேன்: கதையை அவர் பயன்படுத்திக்கொண்டார், சரி. கிழவியை அவர் உண்டாக்கவில்லை. அவள் அதற்கு முன்பே அங்கே இருந்தாள்.

எப்படிச் சொல்கிறீர்கள்?

1550களில் டுவாங் வான் ஆன் என்ற அறிஞர் இந்தப் பகுதியின் ஊர்கள், ஆறுகள், கோயில்களைப் பற்றி ஒரு நூல் தொகுத்தார். அதில் ஆற்றங்கரை மலை உச்சியில் இருக்கும் கோயில் என்று இதே பெயரில் ஒன்று வருகிறது. நுயென் ஹுவாங் இந்தப் பக்கம் காலடி வைப்பதற்கு முன்பே! அப்படியானால் 1601இல் அவர் செய்தது புதிதாகக் கட்டியது இல்லை, இருந்ததை எடுத்து, பெரிதாக்கி, தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. எனக்கு இது தெரிந்தபோது கதையே தலைகீழானது. கிழவி தலைவனைத் தேடி வரவில்லை, தலைவன்தான் கிழவியின் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

அப்போ அவள் யார்?

இதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹுவே வியட்நாமியருக்குக் கிடைத்தது 1306இல், ஒரு கல்யாணத்தில். சாம் அரசர் மூன்றாம் ஜய சிம்மவர்மன், வியட்நாமியர் சே மான் என்பார்கள், ஹுயென் ட்ரான் என்ற வியட்நாம் இளவரசியை மணந்துகொண்டார். பரிசமாக ஓ, லீ என்ற இரண்டு மாகாணங்களைக் கொடுத்தார். ஹுவே இருக்கும் மண் அதில் அடக்கம். அதற்கு முன் நூற்றுக்கணக்கான வருடங்கள் இங்கே வாழ்ந்தவர்கள் சாம் மக்கள், சிவனையும் தேவியையும் கும்பிட்டவர்கள், சமஸ்கிருதத்தில் கல்வெட்டு வெட்டியவர்கள்.

அவர்களுடைய பெரிய தாய்த்தெய்வம் போ நகர். நாட்டின் தலைவி என்று அர்த்தம். நகர் என்ற சொல் நமக்கும் தெரிந்ததுதான். தெற்கே ஞா சாங் நகரில் அவளுடைய செங்கல் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. அங்குள்ள கல்வெட்டுகள் அவளைப் பகவதி என்கின்றன. 918இல் அவளுக்குப் பொன்னால் சிலை வைத்தார்கள், அதைக் கம்போடியப் படை கொள்ளையடித்துப் போக, 965இல் கல்லால் வைத்தார்கள்.

வியட்நாமியர் தெற்கே குடியேறியபோது இந்த அம்மாளை விரட்டவில்லை. பெயரைத் தங்கள் வாய்க்கு மாற்றி, தியென் இ ஆ னா என்று தங்களுக்கும் தாயாக வைத்துக்கொண்டார்கள். அந்த முதல் சொல்லைக் கவனியுங்கள், தியென், வானம். தியென் மூவிலிருந்து இதே ஆற்றில் படகில் மேலே போனால் ஹோன் சென் என்ற கோயில் வரும், அது இவளுடையது. சாம் காலத்திலிருந்தே இருக்கும் இடம், பேரரசர் டோங் கான் 1886இல் புதுப்பித்தார். சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதமும் ஏழாம் மாதமும் திருவிழா, படகுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் பந்தல் போட்டு, சாமி வந்து ஆடிக்கொண்டே போவார்கள்.

ஹா கே குன்றில் உட்கார்ந்திருந்த மூதாட்டி, இந்தத் தாய்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. உடையைக்கூடப் பாருங்கள். வியட்நாமியரின் தாய்த்தெய்வ வழிபாட்டில் சிவப்பு வானத்துத் தாயின் நிறம், பச்சை மலைக்காட்டுத் தாயின் நிறம். சிவப்புச் சட்டை, பச்சைக் கால்சட்டை. வானமும் காடும் ஒரே உடம்பில் என்பது என் ஊகம்தான், ஆனால் விட்டுவிட மனம் வரவில்லை.

புதிதாக வந்த ஒரு தலைவன், தோற்றுப்போன மக்களின் தெய்வத்திடம் போய் நிற்கிறான். அவள் பெயரை அழிக்கவில்லை. புத்தரை உள்ளே வைத்துவிட்டு, வாசலில் அவள் பெயரை எழுதி வைக்கிறான். அந்தத் தெய்வத்தைக் கும்பிட்ட மக்கள் ஊரிழந்து போனார்கள், அதையும் மறக்கக் கூடாது.

பகோடாவுக்குள் புத்தரின் முடியோ பல்லோ இருக்கிறதா?

இல்லை. அது பர்மா வழக்கம். யாங்கோனில் உள்ள ஷ்வேடகோன் பகோடாவுக்கு, தபுஸ்ஸன், பல்லிகன் என்ற இரண்டு வணிகச் சகோதரர்கள் புத்தரிடமே முடி வாங்கி வந்தார்கள் என்று தலபுராணம். தியென் மூவின் கதையில் புத்தரே வருவதில்லை.

படங்களில் பார்க்கும் அந்த ஏழடுக்குக் கோபுரம் 400 வருடம் பழசா?

இல்லை, பலரும் இப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். கோபுரத்தின் பெயர் ஃபுவோக் டுயென், பேரரசர் தியூ ட்ரி 1844இல் கட்டியது. எண்கோண வடிவம், செங்கல், 21 மீட்டர் உயரம், அடுக்குக்கு ஒரு புத்தர். தன் பாட்டியின் 80ஆவது வயதுக்காகக் கட்டினார். மேலே சொன்னேனே, மூதாட்டி கதையைப் பதிந்த அரச வரலாறு முடிந்ததும் இதே 1844இல்தான். ஒரு பேரன் ஒரே வருடத்தில் கிழவியின் கதையை ஏட்டில் ஏற்றி, தன் சொந்தக் கிழவிக்காக அதே குன்றில் கோபுரமும் எழுப்பியிருக்கிறார்.

பழையது என்று வேறு என்னதான் இருக்கிறது?

மணியும் கல்வெட்டும். கோபுரத்துக்கு இரண்டு பக்கமும் அறுகோண மண்டபங்கள் உண்டு. ஆற்றிலிருந்து ஏறி வந்தால் இடது கை மண்டபத்தில் மணி, நுயென் ஃபுக் சூ பிரபு 1710இல் வார்ப்பித்தது, 2,000 கிலோவுக்கு மேல் எடை. வலது கை மண்டபத்தில் 1715ஆம் வருடக் கல்வெட்டு, அவரே எழுதியது, இரண்டரை மீட்டர் உயரக் கல்லைப் பளிங்கு ஆமை ஒன்று முதுகில் சுமந்துகொண்டு நிற்கிறது.

அந்த ஆமையின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். மழை பெய்துகொண்டிருந்தது, ஹுவேயில் மழைக்குக் குறைவில்லை. மண்டபத்துக்குள் அரையிருட்டு. கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கால்களை ஊன்றி, இன்னும் ஒரு அடி எடுத்து வைக்கப் போகிற மாதிரி இருக்கிறது. மேலே அவ்வளவு பெரிய கல், அதில் ஒரு பிரபு எழுதிய அத்தனை எழுத்து. 1904இல் பெரும்புயல் அடித்து வளாகத்தில் பல கட்டடங்கள் விழுந்தன, இது அசையவில்லை.

மணி ஓசை பற்றிப் பாட்டு உண்டு என்கிறார்களே?

தாலாட்டு. தியென் மூவின் மணி ஓசையும் எதிர்க்கரை தோ சுவாங் கிராமத்துச் சேவல் கூவலும் விடிகிற நேரத்தில் ஆற்றின் மேல் கலந்து வரும் என்பது அதன் சாரம். ஹனோயிலும் வேறு கோயில் பெயரோடு இதே பாட்டு உண்டு, யாருடையது முதலில் என்று இரண்டு ஊருக்கும் வழக்கு.

இதற்கு லின் மூ என்றும் பெயர் பார்த்தேன், அது வேறு கோயிலா?

அதே கோயில்தான். பேரரசர் து டுக்குக்குப் பிள்ளை இல்லை. வானம் என்ற சொல்லை இப்படிக் கோயில் பெயரில் எடுத்தாள்வது வானத்துக்கே மரியாதைக் குறைவோ, அதனால்தான் நமக்கு வாரிசு தரவில்லையோ என்று பயந்து, 1862இல் தியென் என்பதை எடுத்துவிட்டு லின், அதாவது தெய்வீகம், என்று மாற்றச் சொன்னார். ஏழு வருடம் பார்த்தார். பிள்ளை பிறக்கவில்லை. 1869இல் பழைய பெயரே திரும்பியது. ஊர்க்காரர்கள் இன்றும் இரண்டையும் சொல்கிறார்கள். வானத்தை எடுத்தார், கவனியுங்கள், மூதாட்டியை எடுக்க அவருக்கும் துணியவில்லை.

இடையில் இது கோயிலாகவே இல்லாமல் இருந்ததாமே?

ஆமாம், 1788 வாக்கில், நுயென் பிரபுக்களை வீழ்த்திய டே சோன் ஆட்சியில் கொஞ்ச காலம் பூமிக்குப் பூசை செய்யும் மேடையாகப் பயன்பட்டது. பிறகு நுயென் வம்சத்தின் முதல் பேரரசர் ஜியா லாங் 1815இல் திரும்பக் கோயிலாகக் கட்டினார்.

காதலர்கள் சேர்ந்து போகக் கூடாதா?

போனால் பிரிந்துவிடுவார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பெற்றோர் சம்மதிக்காததால் ஒரு ஜோடி இந்த ஆற்றில் குதித்தது, பையன் இறந்தான், பெண்ணைக் காப்பாற்றி வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள், அவன் ஆவி இங்கே வரும் காதலர்களைச் சபித்தது என்று கதை. தாராளமாகப் போங்கள்.

பின்பக்கம் ஒரு பழைய கார் நிற்கிறதே, கதையோடு சம்பந்தமா?

கிழவி கதையோடு இல்லை. நீல நிற ஆஸ்டின் வெஸ்ட்மின்ஸ்டர். 1963 ஜூன் 11ஆம் தேதி, புத்த மதத்தினர் மேல் அரசு காட்டிய அடக்குமுறையை எதிர்த்து, திக் குவாங் டுக் என்ற துறவி சைகோன் தெருச்சந்தியில் இந்தக் காரில் வந்து இறங்கி, அமர்ந்து, தன்னைத் தீக்கு இரையாக்கிக்கொண்டார். அந்த எதிர்ப்பு தொடங்கியது ஹுவேயில், அந்த வருடம் மே 8ஆம் தேதி, புத்தர் பிறந்தநாளுக்குக் கொடி ஏற்றத் தடை விதித்ததிலிருந்து. காருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் எடுக்காதீர்கள்.

படகில் போகச் சொன்னீர்களே, ஏன்?

குன்றின் வடிவம் கரையிலிருந்து தெரியாது. சாலையில் வந்தால் நேராகப் படிக்கட்டின் முன் இறங்கிவிடுவீர்கள், முதலில் கண்ணில் படுவது கோபுரம்தான். கீழிருந்து மேல்நோக்கிப் படகில் வந்தால், இரண்டு கரையும் தாழ்வாக, வாழைத்தோப்பும் வீடுகளுமாகவே வந்துகொண்டிருக்கும். ஆறு மெதுவாக வளையும். அந்த வளைவில் வலது பக்கம் நிலம் திடீரென்று எழும்பித் தண்ணீரை எட்டிப் பார்க்கும். நுயென் ஹுவாங் ஏன் நின்றார் என்று அப்போது புரியும். அந்த நேரத்தில் கோபுரத்தை மறைத்தாற்போலக் கையை முகத்துக்கு முன்னால் பிடித்து, வெறும் குன்றை மட்டும் பாருங்கள். நான் அப்படிப் பார்த்தேன். ஒருவர் உட்கார்ந்துகொள்ளப் போதுமான இடம் மேலே இருக்கிறது.

படகோட்டி அம்மாளும் கோயில் எதிரே வந்ததும் மோட்டாரின் வேகத்தைக் குறைத்துவிட்டு, ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடியே மறு கையை நெஞ்சருகே கொண்டுபோய்க் கும்பிட்டார்.

யாரைக் கும்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"பா," என்றார். பாட்டி என்று அர்த்தம்.